சாம்பல் மேட்டுப் பெண்களும் ஆஸ்பத்திரிப் புத்தகமும்

எங்கள் சுரங்க ஆஸ்பத்திரியில் காயம்பட்டு வருகிறவர்களுக்கென்று ஒரு பெரிய புத்தகம் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டங்கள்: பெயர், ஆணா பெண்ணா, வயது, காயம், காயம் எப்படி உண்டானது, முடிவு. சென்னையில் இரண்டு வருஷம் கம்பவுண்டர் படிப்பு முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்டவற்றில் இந்தப் புத்தகம் கடைசி. அதற்கு முன்னால் தராசு, எடைக்கற்கள், அளவுக் கண்ணாடிகள், கார்பாலிக் ஜாடி, அயடோபார்ம் டப்பா, பட்டு நூல், வளைந்த ஊசிகள் ஒரு டஜன். எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டேன். பட்டியல் இல்லாமல் எதையும் கையில் வாங்க எனக்கு வராது.

முதல் வாரத்தில் நோயாளிகள் குறைந்த நேரங்களில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஐந்தாவது கட்டம்தான் என்னை இழுத்தது. ஆண்களுக்கு விதவிதமாக எழுதியிருந்தது. கல் சரிந்தது, ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் கேஜின் கதவில் விரல் நசுங்கியது, ஏணி வழுக்கியது, சண்டை. பையன்களுக்குப் பாதிக்கு மேல் சண்டைதான். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே சொல். விழுந்தது. நெற்றி கிழிந்தவளும் விழுந்திருந்தாள், பல் உடைந்தவளும் விழுந்திருந்தாள், முழங்கையில் மனிதப் பல்லின் தடம் இருந்தவளும் விழுந்திருந்தாள். இந்தப் புத்தகத்தை மட்டும் படிக்கிறவர், கூலிக்காரர் குடியிருக்கும் எங்கள் லைன்களில் பெண்பிள்ளைகளுக்கு நடக்கவே தெரியாது என்று நினைத்துக்கொள்வார்.

நான் அதே லைன்களில் வளர்ந்தவள். எங்களுக்கு நடக்கத் தெரியும். ஓடவும் தெரியும். சாம்பல் மேட்டில் ஓடத் தெரியாதவளுக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

சாம்பல் மேடு என்பது பாய்லர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, டிராலியில் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் பாதி எரிந்த கரித்துண்டுகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கினால் வீட்டுச் சமையல் நடக்கும். ஆண்பிள்ளைகள் பத்து வயதானால் கொல்லுப்பட்டறைக்கோ சுரங்க ஷாஃப்ட் வாசலுக்கோ உளி சுமக்கப் போய்விடுவார்கள். கரி பொறுக்குவது பெண்பிள்ளைகள் வேலை. மேல் லைன் பெண்கள் ஒரு பக்கம், கீழ் லைன் பெண்கள் ஒரு பக்கம். தலையில் ஒரு கோணி, இடுப்பில் கூடை, கையில் கொக்கி. கொக்கி என்பது பட்டறையில் மீந்த கம்பியை அப்பாக்கள் வளைத்துக் கொடுப்பது. சாம்பலைக் கிளற அது இல்லாமல் முடியாது.

டிராலி கவிழ்ந்ததும் புகை அடங்குவதற்கு முன் ஓட வேண்டும். நடுவில் விழுந்த கரி யாருக்கு என்பதில்தான் எல்லாச் சண்டையும். சண்டைக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் வசவு. பிறகு கூடையைத் தட்டிவிடுவது. பிறகு தலைமுடி. பிறகு கண்ணில் சாம்பல். கொக்கியைத் தூக்குவது கடைசி. நான் ஒரு நாள் நடுவில் இருந்த மூன்றையும் விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குப் போய்விட்டேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அடி வாங்கியவள் மேல் லைன் பெண். அவளுக்கும் அதே வயது. இடது புருவத்துக்கு மேல் கொக்கி முனை பட்டது. சாம்பலில் கலந்த ரத்தம் சிவப்பாக இருக்கவில்லை, கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் கொக்கியைக் கீழே போட்டேன். அவள் அழவில்லை. கூடையை நிமிர்த்தி வைத்து, சிந்திய கரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவள் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தார். என் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து என்னையும் இழுத்துவந்தார். காயம் கட்டுகிறவர் பேனாவை எடுத்து, எப்படிப் பட்டது என்று கேட்டார். இரண்டு அம்மாக்களும் சுவரைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"உழுந்துட்டேன்," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவோடு முடிந்தது.

அந்த ஒரு சொல்லால் எனக்குக் கிடைத்தவற்றை நான் பிற்பாடு எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான் படித்துவந்த மிஷன் பள்ளியில் என் இடம் போகவில்லை. பள்ளி நடத்திய அம்மாள் எனக்கு நன்னடத்தைக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் இருந்ததால் சென்னையில் படிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். படிப்பு இருந்ததால் இந்த வேலை. பெரியவளான பின் ஒரு தடவை அவளிடம் கேட்டேன், ஏன் என்னைச் சொல்லவில்லை என்று. பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"உன்ன சொல்லியிருந்தா எங்கம்மா என்ன மேட்டுக்கு அனுப்பாது. வூட்லயே குந்திகினு இருக்கணும். அதுக்குத்தான்," என்றாள்.

காரணம் எதுவானாலும் என் நன்றி குறையவில்லை.

இனி டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வெள்ளைக்காரர். பொறுமைசாலி. கணக்கை நம்புகிறவர். புத்தகத்தில் பையன்களின் சண்டை அதிகமாயிருப்பதைக் கண்டு, எந்த இடத்தில், எந்தக் கிழமையில் என்று என்னைப் பட்டியல் போடச் சொன்னார். போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கொல்லுப்பட்டறைக்குப் பின்னால் என்று வந்தது. சுரங்க ஆபீசுக்கு எழுதி அங்கே ஒரு காவலரை நிறுத்த வைத்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மண்டை உடைந்து வரும் பையன்கள் பாதியாகக் குறைந்தார்கள். அவருக்கு மிகுந்த சந்தோஷம்.

"பாய்ஸ் ரொம்ப மோசம். கேர்ள்ஸ் நல்லது. புக் அப்படித்தான் சொல்லுது," என்றார்.

நான் பட்டியலை மடித்து வைத்தேன். புத்தகம் சொல்வது பொய் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். ஆனால் அன்றிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை. எழுதப்பட்டதால் பையன்களுக்குக் காவல் வந்தது. பெண்பிள்ளைகளுக்கு எழுதப்படவில்லை. அதனால் சாம்பல் மேட்டில் யாரும் இல்லை. அடுத்த பெண் உண்மையைச் சொன்னால் உண்மையை எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தப் பெண் இரண்டே வாரத்தில் வந்தாள். கீழ் லைன்காரி, பன்னிரண்டு வயது. காது மடல் கிழிந்து தொங்கியது. அவள் அம்மா நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"உழுந்துட்டாம்மா. கல்லு மேல."

கல்லின் மேல் விழுந்தவளுக்குக் காது மட்டும் கிழியாது. கார்பாலிக் தண்ணீரால் கழுவிக்கொண்டே பெண்ணிடம் கேட்டேன்.

"உழல அக்கா. மேல் லைன் கடைசி வூட்டுக்காரி கொக்கியால இழுத்தா," என்றாள் அவள். பிறகு, விட்டுப்போகக் கூடாது என்பதுபோல், "நானும் அவ கையைக் கடிச்சிட்டேன்," என்றாள்.

அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். நான் மூன்று தையல் போட்டேன். ஐந்தாவது கட்டத்தில் சண்டை, கொக்கி என்று எழுதி, அடித்தவள் பெயரையும் எழுதினேன். சண்டை என்று எழுதினால் ஆபீசுக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன். பையன்களின் சீட்டுகள் போனால் அப்பாவைக் கூப்பிட்டு எச்சரித்து விடுவார்கள். இதுவும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தேன். பெண்பிள்ளை பெயரில் அதுவரை ஒரு சீட்டும் போனதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. என் படிப்பில் அதற்குப் பாடம் இல்லை.

மூன்றாம் நாள் மேல் லைன் கடைசி வீட்டுக்கு உத்தரவு வந்தது. எட்டு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு என்றால் மூங்கில் தட்டி வீடுதான். ஆனால் லைனில் வீடு இல்லாதவருக்கு ஷிஃப்டில் பெயர் நிற்காது. அந்தப் பெண்ணின் அப்பா கீழே ஆழமான லெவலில் வேலை செய்கிறவர். ஐந்து பிள்ளைகள். ஊரில் நிலம் ஏதும் இல்லை. கொக்கியை ஓங்கியவளுக்கு வயது பதின்மூன்று.

நான் ஆபீசுக்குப் போய் அங்கிருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"பையன்களுக்கு இத்தனை சீட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு வீட்டையும் நீங்கள் காலி பண்ணச் சொன்னதில்லையே?"

"பசங்க அடிச்சிக்குவானுங்கம்மா. அது வழக்கம்தான். பொம்பளப் புள்ள இரும்பத் தூக்குதுன்னா அந்த வூடு இன்னா மாதிரி வூடுன்னு பெரிய துரை கேக்குறாரு. நான் இன்னா பண்ண?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. என்னை உட்காரச் சொல்லித்தான் இதைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து நின்றார்கள். அடித்தவளின் அம்மாவும், காது கிழிந்தவளின் அம்மாவும். முந்தின வாரம்வரை ஒருவரையொருவர் பார்த்தால் எச்சில் துப்பியவர்கள்.

"உன்ன யாரு எழுதச் சொன்னது?" என்றார் காது கிழிந்தவளின் அம்மா. "எம் பொண்ணு காது. நான் உழுந்துச்சின்னு சொன்னேன். நீ யாரு மாத்தி எழுத?"

"படிச்சிட்டு வந்துட்டா இல்ல," என்றார் மற்றவர். "நீ இன்னா தொரை பங்களாவுலயா பொறந்த? உன் கொக்கிய நாங்க பாக்கலயா?"

"நீங்கள் சொல்வது உண்மைதான் சின்னம்மா," என்றேன்.

"உண்மைய வச்சிகினு நான் எங்க போயி குடியிருக்க?"

நேராக உள்ளே போனேன். டாக்டரிடம் சொன்னேன். வீடு ஆபீஸ் விஷயம், தான் தலையிட முடியாது என்றார். பிறகு, புத்தகத்தில் எழுதியது நிஜம்தானே என்று கேட்டார். நிஜம் என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல் பார்த்தார்.

உத்தரவு வந்து ஐந்து நாள் போயிற்று. மறுநாள் காலையில் அந்த வரியை அடித்துவிட்டு, விழுந்தது என்று திருத்தி, தவறாக எழுதிவிட்டேன் என்று ஆபீசுக்கு ஒரு சீட்டு அனுப்புவது என்று தீர்மானித்தேன். என் வேலையில் அது முதல் பொய்யாக இருக்கும். ஆனால் ஐந்து பிள்ளைகள் தெருவில் நிற்பதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?

காலையில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தபோது பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் புருவத்தில் அடி வாங்கியவள். இடுப்பில் கைக்குழந்தை. கடைசி வீட்டு அம்மாவின் கூடப்பிறந்த தங்கை அவள் என்பதை நான் அந்தக் கலவரத்தில் மறந்தே போயிருந்தேன். அடித்த பெண்ணுக்கு அவள் சித்தி.

"குழந்தைக்கு என்ன?" என்றேன்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். காயம்."

"எங்கே?"

புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க."

"அது ஆறிப் பத்து வருஷம் ஆயிற்று."

"ஆறினா இன்னா. அன்னிக்கு பொய்யா எழுதிட்டாங்க. இன்னிக்கு சரியா எழுது."

"இது புதுக் காயத்துக்கான புத்தகம்."

"உன் புஸ்தகம் இன்னா வேணா இருக்கட்டும். எங்க மாமா வூட்ட உட்டு போவணும்னா, மேட்டுல கொக்கி தூக்கின அத்தினி பேரும் போவட்டும். புள்ளையா இருந்தப்போ தூக்கினவளும் போவட்டும். எழுது. எப்டி பட்டுச்சின்னு கேளு."

நான் பேனாவை எடுத்தேன். "எப்படிப் பட்டது?"

"சண்டை."

"யார் அடித்தது?"

"உனக்குத் தெரியாதா, கம்பவுண்டரம்மா?"

 குழந்தை என் எடைக்கற்களை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. ஐந்தாவது கட்டத்தில் சண்டை, கொக்கி என்று எழுதினேன். அதன்கீழ் என் பெயரை எழுதினேன். என் கையெழுத்து நன்றாகவே இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "நீளமா எழுதிட்ட. போதும்," என்றாள்.

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "வாங்கடி," என்றாள்.

வெளியே எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பல் இல்லாத ஒருத்தி. மோதிரவிரல் மடங்காத ஒருத்தி. தலையில் முடி முளைக்காத இடத்தைக் காட்ட முக்காட்டை விலக்கிய, பேரன் எடுத்த ஒருத்தி. பாலகாட் சுரங்கத்துப் பக்கம் கல்யாணம் செய்துகொடுத்த ஒருத்தி, புருஷனிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மேல் லைன், கீழ் லைன் இரண்டும் கலந்து நின்றன. காது கிழிந்த பெண்ணின் அம்மாவும் இருந்தார். அவருக்கு மணிக்கட்டில் பழைய தழும்பு இருந்தது. இரண்டு பேர் யார் முதலில் அடித்தது என்று பெஞ்சிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"நீதாண்டி மொதல்ல கூடைய தட்டின."

"கூடைய தட்டினா அடின்னு கணக்கா? அக்கா, கூடைய தட்டினா எழுதுவியா?"

"காயம் இருந்தால்தான் எழுதுவேன்."

"அவளுக்குக் காயமே இல்ல பாரு. சும்மா கூட்டத்துக்கு வந்துகீறா."

பதினான்கு பேருக்கு எழுதினேன். எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். பெஞ்சு முழுக்கப் பெண்கள் இருப்பதைக் கண்டு ஏதோ தொற்றுநோய் என்று பயந்து கையைக் கழுவப் போனார். நான் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். மெதுவாகப் படித்தார். முதல் வரிக்குத் திரும்பி வந்து என் பெயரில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"ஏன் அடிச்சே?"

"பெரிய கரித்துண்டு சார். என் பக்கத்தில் விழுந்தது. இவள் எடுத்துக்கொண்டாள்."

"பொய்யி தொரே," என்றாள் அவள். "எம் பக்கத்துலதான் உழுந்துச்சி."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பழைய பக்கங்களைத் தானே புரட்டத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் பெண்பிள்ளைகளின் வரியில் நிறுத்தி, "இது?" என்று கேட்டார். பெஞ்சிலிருந்து யாராவது ஒருத்தி, "அதுவும் சண்டைதான் தொரே," என்றாள். பத்துப் பக்கம் இப்படிப் போயிற்று. கடைசியில் புத்தகத்தை மூடி, விதி என்ன என்று என்னைக் கேட்டார்.

"சண்டை என்று எழுதினால் ஆபீசுக்குச் சீட்டு அனுப்ப வேண்டும் சார்."

"அனுப்பு."

பதினான்கு சீட்டும் நானே எழுதினேன். என் பெயர் இருந்த சீட்டை மேலே வைத்தேன். என் அப்பாவும் லைன் வீட்டில்தான் இருந்தார். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, அந்தக் கொக்கியை வளைத்துக் கொடுத்தது தான்தான், சீட்டில் அதையும் எழுதினாயா என்று கேட்டார்.

அடுத்த இரண்டு ராத்திரியும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து நிறுக்கும்போது ஒவ்வொரு எடையையும் இரண்டு தடவை பார்த்தேன். எட்டாம் நாள் காலையில் குமாஸ்தாவே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் என் சீட்டுக் கட்டு.

"இன்னாம்மா இது. பாதி ஷிஃப்டையே காலி பண்ணச் சொல்றியா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை எழுதியிருக்கிறேன்."

"பெரிய துரை தலையில கை வச்சிகினு குந்திகினு கீறாரு." கட்டை என் மேஜைமேல் வைத்தார். "கடைசி வூட்டு உத்தரவு நின்னு போச்சு. எச்சரிக்கையோட உட்டாச்சு. இதெல்லாம் நீயே வச்சிக்க."

கடைசி வீட்டுக்காரர்கள் அதற்குள் பாதிச் சாமான்களைக் கோணியில் கட்டியிருந்தார்கள். புருவத் தழும்புக்காரிதான் போய் அவிழ்க்கச் சொன்னாளாம். அவிழ்த்தபோது ஒரு கோணியின் அடியில் கொக்கி இருந்தது என்றும், அக்காவும் அவளும் அதை எடுத்துச் சுவரில் மாட்டினார்கள் என்றும் சொன்னாள்.

டாக்டர் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாம்பலை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு இடத்தில் கொட்டவேண்டும், லைனுக்கு ஒன்று. காவலர் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். எங்களுக்குக் காவல் அல்ல, நடுவில் விழாத கரிதான் வேண்டும். தண்டவாளத்தைக் கொஞ்சம் நீட்டினார்கள். வேலை ஒரு நாளில் முடிந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கென்று பேசி வைத்திருந்த இடம் தவறிப்போயிற்று. அது என் பேனாவால் நடந்தது. அவள் அம்மா இன்றும் என்னிடம் மருந்து வாங்கும்போது சீசாவைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். அதையும் நான் என் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

அந்த வருஷ முடிவில் டாக்டர் தன் அறிக்கைக்காகக் கணக்கெடுத்தார். முகம் வாடி என்னிடம் வந்தார்.

"கேர்ள்ஸ் கெட்டுப் போச்சு. போன வருஷம் சண்டை ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் பாரு."

மேட்டில் சண்டை குறைந்துதான் இருக்கிறது என்றும், அம்மாக்கள் இப்போது பயப்படாமல் உள்ளதைச் சொல்கிறார்கள் என்றும் அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பழைய பக்கங்களில் பெஞ்சுப் பெண்கள் சொன்ன இடங்களுக்கெல்லாம் அவரே பென்சிலால் கோடு போட்டிருந்ததை எடுத்துக் காட்டினேன். அறிக்கையில் அதைச் சேர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன். எங்களை நம்பி அந்தச் சீட்டுகளை அனுப்பச் சொன்னவர் அவர். அதற்காக அவருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அந்தப் புருவத் தழும்புக்காரி தன் குழந்தையின் சொறிக்கு மருந்து வாங்க வந்தாள். கந்தகக் களிம்பு கலந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று எழுதிய பதினான்கு பேரில் மற்ற எல்லோருக்கும் ஆறாவது கட்டத்தில் ஆறியது என்று நிரப்பியிருந்தேன். அவளுடைய வரியில் மட்டும் கட்டம் காலியாக இருந்தது. புத்தகத்தை எடுத்து அவளிடம் காட்டினேன்.

"ஆறிவிட்டது என்று போட்டுவிடட்டுமா?"

அவள் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். களிம்பு டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இப்ப வேணாம்," என்றாள். "மழை வந்தா இன்னும் அரிக்குது."

அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன். புத்தகத்தில் நிரப்பாமல் நான் விட்டுவைத்திருக்கும் கட்டம் அது ஒன்றுதான்.